பச்சைக் கார் போட்ட தட்டு

என் வாய்க்கு வாய் கொடுத்த ஒரே ஆளான அம்மாவுக்கு,

நீ போன பிறகு இந்த வீட்டில் என் வாய்க்கு வேலை இல்லை. கைக்குத்தான் வேலை. விடிந்ததும் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, மணியை எழுப்பி, அவன் நனைத்த பாயை அலசி, அப்பாவுக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினால் முதல் பாடம் முடிந்திருக்கிறது. ஏன் தாமதம் என்று வாத்தியார் கேட்கிறார். முன்பெல்லாம் இதற்கு என்னிடம் வகுப்பே சிரிக்கும்படி ஒரு பதில் இருக்கும். இப்போது "மன்னிச்சிக்குங்க சார்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன். அவரே பயந்துபோய் எனக்குக் காய்ச்சலா என்று விசாரித்தார்.

குறும்பு செய்வதற்கும் தெம்பு வேண்டுமாம், அம்மா. இப்போதுதான் தெரிகிறது. போன மாதம் அத்தையின் கோப்பியில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டேன். போட்டுவிட்டு, எந்தக் குவளை யாருடையது என்று அசதியில் மறந்து நானே குடித்தேன். துப்பக்கூட இல்லை. முழுதாகக் குடித்து முடித்துவிட்டு அரிசி களையப் போனேன்.

ஆமாம், அத்தை இங்கேதான் இருக்கிறார். அப்பாவின் அக்கா, ஜாசின் பக்கத்துத் தோட்டத்து அத்தை. உன் பீங்கான் தட்டில் கை வைக்கமாட்டேன் என்று, வரும்போதெல்லாம் தன் பித்தளைத் தட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவாரே, அவரேதான். உன் காரியத்துக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. மணியைக் குளிப்பாட்டுகிறார். என்னைத் திட்டுகிறார். இரண்டிலும் சோர்வதே இல்லை.

நீ பார்க்காமல் போன சுதந்திரம், அந்த மெர்டேக்காவும் வந்துவிட்டது. பண்டார் ஹிலிர் திடலுக்கு மணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். கொடி ஏறியதைவிட அவன் குதிகால் என் மூக்கில் ஏறியதுதான் அதிகம் ஞாபகம் இருக்கிறது. நீ பாத்திரம் கழுவிய பங்களாவில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பம் பெட்டி கட்டிக் கப்பல் ஏறிவிட்டது. இப்போது அங்கே நம் நாட்டு அதிகாரி ஒருவர். துரை வைத்திருந்த அதே கறுப்புக் கார், உள்ளே ஆள் மட்டும் வேறு. காஜா பெராங் ரோட்டில் அது வந்தால் நாங்கள் இன்னும் ஓரமாகத்தான் ஒதுங்குகிறோம். யாரும் ஒதுங்கச் சொல்லவில்லை. கால் தானாகப் போகிறது.

கால் தானாகப் போவதைப் பற்றி முதலில் சொன்னது நீதானே. நீ தோட்டத்தில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, துரையின் கார் செம்மண் ரோட்டில் வந்தால் ரப்பர்ப் பால் வாளியோடு வருகிறவர்கள்கூடக் கால்வாய்க்குள் இறங்கி நிற்க வேண்டுமாம். ஒருநாள் புதுப் பாவாடையோடு நீயும் இறங்கி நின்றாய். கார் போனது. பாவாடை சிவப்பானது. எத்தனையோ சலவைக்குப் பிறகும் அந்தச் செம்மண் போகவில்லை என்பாய். பாவாடையைத்தான் சொல்கிறாய் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

பிறகு கல்யாணமாகி டவுனுக்கு வந்து, அந்தப் பங்களாவில் வேலைக்குச் சேர்ந்தாய். விளிம்பு உடைந்தது என்று மேடம் ஒரு தட்டைக் குப்பையில் போட, நீ எடுத்து வந்தாய். பழங்காலக் கார் படம். கூரை இல்லை, சக்கரம் சைக்கிள் சக்கரம் மாதிரி ஒல்லி, ஓட்டுகிற வெள்ளைக்காரன் தவளை மாதிரிப் பெரிய கண்ணாடி போட்டிருந்தான். நீ அதைக் கழுவினாய். அதன்மேல் ஒரு சட்டிச் சோற்றைக் கவிழ்த்தாய். காரும் மறைந்தது, ஆளும் மறைந்தான்.

"இப்ப யாரு கீழ எறங்கி நிக்கிறான்னு பாப்போம்," என்றாய்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம், அம்மா, கடைசிவரை விடவில்லை. மற்ற பெண்கள் நகை பார்க்கப் போவார்கள். நீ ஜோங்கர் ரோட்டுப் பின்சந்துக்குப் போய், பழைய சாமான் விற்கும் சீனத் தவுக்கேயின் கடையில் குந்திக்கொண்டு தட்டுகளைக் கிளறுவாய். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக ஊரைக் காலி செய்துகொண்டிருந்த நேரம். அவர்கள் வீட்டுப் பீங்கானெல்லாம் வைக்கோல் சுற்றிய பெட்டிகளில் அவரிடம்தான் வந்து சேரும். காருக்கு மலாயில் கெரேத்தா. அதனால் நீ அவருக்கு 'தங்காச்சி கெரேத்தா'. தூரத்தில் உன் தலை தெரிந்ததுமே, "தங்காச்சி, கெரேத்தா பாரு சூடா சம்பை," என்று குரல் கொடுப்பார். புதுக் கார் வந்து இறங்கியிருக்கிறதாம். துறைமுகத்தில் நிற்கிற கார் கம்பெனி முதலாளி என்று நினைப்பு அவருக்கு.

ஒரு பெட்டிப் பீங்கானைத் தூசி போகக் கழுவிக் கொடுத்தால் அதிலிருந்து ஒரு தட்டு உனக்கு. அதுதான் உங்கள் ஒப்பந்தம். எடுப்பதற்கு முன் நகத்தால் சுண்டிக் கேட்பாய். கணீரென்றால் நம் வீட்டுக்கு. பொத்தென்றால் உள்ளே எங்கோ விரிசல், அது தவுக்கேவுக்கே. பிறகு படத்தின் மேல் கட்டைவிரலை ஓட்டுவாய். விரல் வழுக்கிக்கொண்டு போனால் படம் பளபளப்புக்கு அடியில் இருக்கிறது, அதை எப்படியும் கழுவலாம். லேசாகத் தடித்து விரலில் தட்டினால் படம் மேலே உட்கார்ந்திருக்கிறது. அதற்குச் சாம்பல் ஆகாது, நார் ஆகாது, புளி ஆகவே ஆகாது. வெந்நீரும் அப்பாவின் பழைய வேட்டித் துணியும்தான்.

தட்டின் பின்பக்கம் இருக்கிற இங்கிலீஷை வாசித்துச் சொல்வது என் வேலை. "இந்தத் தட்டில் சாப்பிடும் பெண் பிள்ளை பாத்திரம் கழுவக் கூடாது என்று போட்டிருக்கிறதம்மா" என்று ஒருமுறை வாசித்தேன். நீ ஆழமாகத் தலையாட்டினாய்.

"அப்படியா? சட்டம்னா மீறக் கூடாது. கழுவாம அப்படியே வை. நாளைக்கும் நாளன்னைக்கும் நீ அதுலயே சாப்புடு."

அலமாரி நிறைந்தது. சோற்றுத் தட்டு, சூப்புத் தட்டு, சாசர், கைப்பிடி போன கோப்பை. காரே உருவமாகச் செய்த ஒரு தேநீர்க் கூஜாகூட. அதில் டிரைவரின் தலைதான் மூடி. தலை தொலைந்துபோய் முண்டமாகத்தான் நமக்கு வந்தது. அரை மூடி எலுமிச்சையைக் கவிழ்த்து, "தொப்பி போட்டாச்சி, இனிமே ஓட்டலாம்," என்றாய். இந்தத் தெருவில் எவர் வீட்டிலும் கார் இல்லை, நம் வீட்டிலோ நிறுத்த இடமில்லை. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தாலும் தட்டுக்குத் தட்டுப்பாடு வராத வீடு என்று நான் சொன்னதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

வெள்ளைக்காரர்கள் அலமாரியில் நிறுத்தி அழகு பார்த்த தட்டுகள். நீ ஆளுக்கொன்றாகப் பிரித்துச் சோறு போட்டாய். அப்பாவுக்கு, பழுதான காருக்கு அடியில் ஒருவன் மல்லாந்து படுத்து, இரண்டு கால் மட்டும் வெளியே தெரிகிற தட்டு. "ஒங்கப்பாதான். வேல செய்யிற மாதிரியே தூங்குவாரு." எனக்கு, வேகமாக வரும் காரைப் பிடிக்க மரத்துக்குப் பின்னால் போலீஸ்காரன் ஒளிந்திருப்பது. "இவ வாய்க்கு ஒரு காவல் வேணும்." மணிக்குக் கோழிகள் சிதறி ஓடும் கிண்ணம். சோற்றைக் கார் மேல் குவித்து, கார் வெளியே தெரியும்வரை சாப்பிட வேண்டும் என்பது இந்த வீட்டுச் சட்டம். மணி சாப்பிடக் கற்றுக்கொண்டதே அப்படித்தான்.

உனக்குப் பச்சைக் கார். எல்லாத் தட்டிலும் ஆண்பிள்ளை ஓட்டும்போது அதில் மட்டும் ஒரு பெண் ஓட்டினாள். தொப்பியைக் கட்டிய துணி பின்னால் பறக்க, பக்கத்தில் ஒரு நாய்க்குட்டி உட்கார்ந்திருக்க. படம் விரலில் தட்டுகிற ஜாதி. அதனால் அதை என்னிடம்கூடக் கழுவக் கொடுக்கமாட்டாய். "அவ மூஞ்சப் பாரு, யாருக்காச்சும் ஒதுங்குற மூஞ்சியா அது?" என்பாய். நாயின் வாலில் பச்சை கொஞ்சம் மங்கியபோது நீ ஒரு வேளை சாப்பாட்டையே நிறுத்தியிருக்கிறாய்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். சுற்றி வளைப்பதே சொல்லப் பிடிக்காததால்தான்.

இந்த வருசம் நமக்குத் தீபாவளி இல்லை. புதுத்துணி இல்லை, பலகாரம் இல்லை. முதல் நாள் சாயங்காலம் செத்தவர்களுக்கு வைக்கிற படையல் மட்டும். உனக்கான முதல் படையல். நான் அத்தையிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அத்தை, அம்மாவுக்கு அம்மா தட்டுலயே படைக்கலாமா? பச்சக் காரு போட்டது."

"எலையில படைக்காம? வெள்ளக்காரன் மாட்டுக்கறி தின்ன பிங்கான்லயா? கேக்குறவங்க சிரிப்பாங்கடி."

"உசுரோட இருந்தப்ப அதுலதான சாப்பிட்டாங்க. செத்த பொறவு புதுசா ஆச்சாரம் பாப்பாங்களா?"

"வாயப் பாரு. செத்தவங்க தின்ன தட்டு வீட்டுலயே இருக்கக் கூடாது, தெரியுமா? கருமாதியோட வெளிய போயிருக்கணும். ஒங்கப்பன் வாயத் தொறந்தாத்தான?"

அப்பா வாயைத் திறக்கவில்லைதான். தம்பின் ஊருக்குப் போகிற பஸ்ஸில் நாள் முழுக்க ஊர் பேரைக் கூவி ஆள் ஏற்றுகிற கண்டக்டர், வீட்டுக்கு வரும்போது குரலைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வருகிறார். நீ போனதிலிருந்து அவர் முழுசாக ஒரு வாக்கியம் பேசி நான் கேட்கவில்லை.

எனக்காகப் பேசியது வேலிக்கு அந்தப் பக்கத்துச் செட்டி வீட்டு அம்மா. தலைமுறை தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கிற அவர்களுக்குச் சாமி பெயரெல்லாம் தமிழ், பேச்செல்லாம் மலாய். துணி காயப்போட்டுக்கொண்டே, "பியார்லா, காக்கா. மாக் டியா புஞ்ஞா பிங்கான்," என்றார். விட்டுடுங்க அக்கா, அவளோட அம்மா தட்டுதானே என்று. அத்தைக்கு மலாயில் பாசார் மட்டும்தான் போகத் தெரியும், சண்டைக்குப் போகத் தெரியாது. இடுப்பில் கைவைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"படைச்சி முடிஞ்சதும் அத அந்தச் சீனன் கடையில குடுத்துடணும். சரின்னா சொல்லு."

மறுபேச்சுப் பேசாமல் சரி என்றேன். உனக்குத் தெரியும், நான் மறுபேச்சுப் பேசாவிட்டால் உள்ளே ஒரு திட்டம் இருக்கிறது என்று அர்த்தம். காகிதத்தில் சுற்றி வேறொரு விரிசல் தட்டைக் கொண்டுபோய்த் தவுக்கேயிடம் கொடுத்துவிட்டு, உன்னுடையதை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைப்பது. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு வந்த ஒரே நல்ல யோசனை. இந்தத் தட்டு மட்டும் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

படையலன்று காலையில் நெத்திலி வாங்கப் பாசாருக்குப் போனேன். திரும்பி வந்தபோது அத்தை கொல்லையில் குந்தியிருந்தார். பக்கத்தில் அடுப்புச் சாம்பல், புளிச் சக்கை, தேங்காய் நார். உன் தட்டைத் தூக்கி வெயிலில் காட்டினார். பௌர்ணமி மாதிரி இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

"பாத்தியா, என்னமா வெளுத்துடுச்சி. புளித்தண்ணியில ஊற வச்சித் தேச்சேன். வெள்ளக்காரன் தீட்டு இப்பத்தான் போச்சி. இனிமே தாராளமா படைக்கலாம்."

"காரு?"

"என்னா காரு?"

"அத்தை. காரு."

அவர் தட்டைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த நாரைப் பார்த்தார். நாரில் பச்சை ஒட்டியிருந்தது. அப்புறம் காலடியில் ஓடிய சாம்பல் தண்ணீரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே எங்காவது தென்படும் என்பதைப்போல.

"பச்சையா எறங்குனத கறைன்னு நெனச்சிட்டேன்டி," என்றார். "பழசு இல்லியா. அழுக்கு ஏறிப் பச்சையாயிடுச்சின்னு... சொல்லக் கூடாதா நீ?"

யார் சொல்வார்கள், அம்மா? பிறந்ததிலிருந்து பாத்திரம் தேய்க்கிற மனுஷியிடம் போய், தட்டு கழுவுவது எப்படி என்று யார் சொல்வார்கள்? அத்தைக்குத் தெரிந்த சுத்தம் பித்தளைச் சுத்தம். கோயில் குத்துவிளக்கை எப்படித் தேய்ப்பாரோ அப்படித் தேய்த்திருக்கிறார். விரல் கணுவெல்லாம் புளியில் வெந்து சிவந்திருந்தது. வேண்டாத தட்டாக இருந்திருந்தால், ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரைத் தெளித்து முடித்திருப்பார்.

இதெல்லாம் இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது என் நாக்கு நுனியில் ஒன்று வந்து நின்றது. அது என்னவென்று உனக்குக்கூட எழுதமாட்டேன். சொன்னால் அத்தை அன்றே பித்தளைத் தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் பஸ் ஏறியிருப்பார், இந்தப் பக்கம் திரும்பியே இருக்கமாட்டார். நான் சொல்லவில்லை. நல்ல மனசால் இல்லை. சம்பாலுக்கு மிளகாய் அரைக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் எல்லாரும் இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நாக்கிலேயே வைத்துக்கொண்டேன்.

பொழுது சாயும்போது படைத்தோம். நெத்திலிச் சம்பால், கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, அவித்த முட்டை, நீ குடிக்கிற மாதிரியே பால் ஊற்றாத கோப்பி. உன் வெறும் தட்டில் நான்தான் சோற்றைக் குவித்தேன். கை பழக்கத்தில் நடுவில் பள்ளம் இல்லாமல், கார் மறைகிற மாதிரியே குவித்தது. நீ வந்து சாப்பிட வேண்டுமென்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றோம். அத்தை என் பக்கம் வரவில்லை. வேலியோரமாகத் தள்ளி நின்றார். கால்வாய்க்குள் இறங்கி நிற்கிறவர் மாதிரி இருந்தது.

கதவைத் திறந்ததும், படைத்த தட்டைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பார்களே, மணியிடம் கொடுத்தோம். அவன் வீட்டுச் சட்டப்படி நடுவிலிருந்து தோண்டினான். சோறு விலகியது. வெள்ளை. இந்தப் பக்கம் தள்ளினான். வெள்ளை. எல்லாச் சோற்றையும் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தான்.

"காரு எங்க?"

அப்பா அப்போதுதான் தட்டைப் பார்த்தார். பார்த்த பிறகு என்னைப் பார்த்தார்.  அத்தை தன் கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. இதுதான் நான் காத்துக்கொண்டிருந்த நேரம். காலையிலிருந்து நாக்கில் ஊறிக்கொண்டிருந்த வார்த்தை. புளியில் ஊறிய தட்டு மாதிரி அதிலும் எல்லாம் அழிந்துபோயிருந்தது.

"அம்மா எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்கடா," என்றேன். "கதவச் சாத்திட்டு நின்னோம்ல, அப்ப."

மணி யோசித்தான்.

"நாய்க்குட்டியையுமா?"

"அத யாரு பாத்துக்குவா இங்க? அதையும்தான்."

"சத்தமே கேக்கலியே."

நான் அடுத்த பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன். பழைய வேகம் இல்லை. அதற்குள் அப்பா பேசினார், அம்மா. முழுசாக.

"தெருவுல இருக்குறவங்கள எல்லாம் ஓரமா ஒதுங்கிக்கச் சொல்லு. அவளுக்கு ஓட்டத் தெரியாது."

மணிதான் முதலில் சிரித்தான். பிறகு நான். அப்பா சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டு குனிந்தே இருந்தார். அத்தை அடுப்பங்கரைக்குப் போனார். தண்ணீர் மொள்ளும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அவ்வளவு தண்ணீர் எதற்கு என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் தவுக்கே கடைக்குப் போகப் பழைய தாளை எடுத்துக்கொண்டு வந்தேன். திட்டத்தில் பாதிதான் மிச்சம், ஒளித்துவைக்கக் கார் இல்லை, இருந்தாலும் சொன்ன சொல் இருக்கிறதே. உன் தட்டு அலமாரியில், அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. கீழே அப்பாவின் வேட்டித் துணி மடித்துப் போட்டிருந்தது.

"அத்தை, கடையில குடுக்கணும்னு சொன்னீங்களே."

அவர் திரும்பவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார்.

"வண்டி திரும்பி வந்தா எங்கடி நிறுத்துவா?"

நம் அத்தை, அம்மா. வாழ்நாளில் ஒரு கேலிப் பேச்சுப் பேசியறியாத அத்தை. நீ கேட்டிருந்தால் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பாய். இங்கே சொல்ல ஆளில்லாமல்தான் உனக்கு எழுதுகிறேன். உன் பெருமையை நீயே கேட்டுக்கொள்ள வேண்டியதாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்றும் உண்டு. இதை அத்தையிடம் சொல்லவில்லை. தட்டை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால், வெளிச்சம் விழுகிற ஒரு கோணத்தில் பளபளப்பு ஓரிடத்தில் மட்டும் மங்கலாக இருக்கிறது. சக்கரத்தின் வட்டம் தெரிகிறது. பறக்கிற துணியும் தெரிகிறது. நிறம் போய்விட்டது, நின்ற இடம் போகவில்லை. வேலை ஓய்ந்த நேரத்தில் அப்படிப் பிடித்துப் பார்க்கிறேன். நாய் மட்டும் தெரியவில்லை. உண்மையிலேயே கூட்டிக்கொண்டு போய்விட்டாயா?

களைப்பாக இருக்கிறது. இன்னும் மாவு ஆட்டவில்லை, மணியின் சட்டைக்குப் பொத்தான் வைக்கவில்லை. ஆனால் ஒரு வாக்குக் கொடுக்க எவ்வளவு தெம்பு வேண்டும்? கொடுக்கிறேன். உன் தட்டில் சாம்பல் படாது. உன் அத்தனை வண்டிக்கும் வெந்நீர்க் குளியல்தான், என் கையால்தான். அந்த அதிகாரியின் கறுப்புக் கார் அடுத்த முறை காஜா பெராங் ரோட்டில் வரும்போது கால் தானாகப் போகப் பார்க்கும். நான் போகவிடமாட்டேன். ரோடு அகலமாகத்தான் இருக்கிறது, அவர் சுற்றிக்கொண்டு போகட்டும்.

ஒரு பச்சைக் கார் வந்தால் மட்டும் ஒதுங்குவேன். அது ஓட்டத் தெரியாதவள் ஓட்டுவது என்பதால்.

இப்படிக்கு,
உன் வண்டிக்கு இடம் பிடித்து வைத்திருக்கும்
உன் வாயாடி மூத்தவள்
சரசு